படைத்தொழில் விடுத்தலும் சார்பு மாறுதலும்

தோற்றுவாய்

உயிர் ஒரு தொழிலிற் புகுங்கால் அத்தொழிலும் உயிரினுட் புகுகின்றது. தொழிலை ஒரு நாளில் விட்டுவிடலாம். தொழிலால் உயிரிற் படிந்தது ஒரு நாளில் நீங்குவதன்று. இஃது எல்லாத் தொழிற்கும் பொதுவாயினும், படைத்தொழிற்கண் மிக விளங்கித் தோன்றும். என்னை? ஏனைத் தொழிலாளர் தம் நாளின் ஒரு பகுதியையே தொழிற்குத் தருகின்றனர். படைவீரரோ உயிரையே ஈடாக வைத்துப் புகுகின்றனர். உண்ணும் பொழுது, உறங்கும் பொழுது, உடுக்கும் உடை, நிற்கும் நிலை, பேசும் முறை ஆகிய யாவும் அவர்க்குப் பிறர் ஆணைவழி அமைந்தன. அவ்வாணை ஒரு நாள் நீங்குகின்றது. நீங்கிய மறுநாள் விடியலிலும் கண் பழைய பொழுதிலேயே விழிக்கின்றது. ஆனால், எழுந்தபின் செல்லுதற்கு இடமில்லை.

ஏனையோர்க்குத் தொழிலினின்றும் ஓய்தல் முதுமைக்கண் நிகழ்வது. படைவீரர்க்கோ அது நடுவயதிலேயே வந்துவிடுகின்றது. இந்தியப் படையிற் பதினெட்டு, பத்தொன்பது வயதிற் சேர்ந்து, ஓய்வூதியத்திற்கு வேண்டும் 15 ஆண்டுப் பணியை முடித்த வீரர் பலர் நாற்பது வயதிற்கு முன்னரே வீடு திரும்பியுள்ளனர். 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்திய அரசு அறிவித்த அக்னிபத் என்னுந் திட்டமோ, பதினேழரை வயது முதலாகச் சேர்க்கப்படும் இளைஞர்க்குப் பணிக்காலத்தை 4 ஆண்டாகவே வரையறுத்தது. அவருள் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைத்த பணிக்குத் தெரிந்தெடுக்கப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்ச ரூபாயோடு, ஓய்வூதியமின்றி, இருபத்தைந்து வயதிற்குள்ளாகவே ஊர் திரும்புதற்குரியர் என்பது அத்திட்டத்தின் அமைப்பு. வாழ்வின் பெரும்பகுதி எஞ்சி நிற்கவே, அதுகாறும் வாழ்ந்த வாழ்வு முடிந்துவிடுகின்றது.

இது வேலை தேடித்தரும் அலுவலகத்தார் ஆராய்தற்குரிய பொருளன்றோ, சமயநூல் வல்லார் ஆராய்தற்கு இதன்கண் யாதுளது எனின், கூறுதும். விடுத்தபின் எஞ்சுவது யாது? படையிற் செய்த வினை யாரைச் சாரும்? விடை தந்து அனுப்புவோர் கடன் யாது? விடைபெற்றோர் எதனைப் பற்றி நிற்பர்? இந்நான்கும் உயிர், வினை, சார்பு என்பன பற்றிய வினாக்களே. இவற்றிற்கு விடை காண்டற்கு நம் திருத்தொண்டர் வரலாற்றிலேயே ஓர் அரிய எடுத்துக்காட்டு அமைந்திருப்பது நாம் செய்த தவப்பயனாகும்.

பரஞ்சோதியார் வரலாறு

சிறுத்தொண்ட நாயனார் சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்துத் தோன்றியவர். இயற்பெயர் பரஞ்சோதியார். மருத்துவநூலும், வடநூற்கலைகளும், படைக்கலப் பயிற்சியும், யானையேற்றம் குதிரையேற்றமும் ஒருங்கே வல்லவர். அவர் தம் மன்னனுக்குப் படைத்தலைவராகச் சென்று வாதாபி நகரை அழித்து, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து தந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறினார். மன்னன் பெயரைப் புராணம் கூறிற்றிலது. பல்லவ மன்னன் முதல் நரசிம்மவர்மன் சளுக்கியர் தலைநகராகிய வாதாபியை ஏறத்தாழ 642இற் கைப்பற்றினான் என்பதும், அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அந்நகரிலேயே காணப்படுகின்றது என்பதும் வரலாற்றறிஞர் கண்ட முடிபு. பரஞ்சோதியார் செய்த போர் அதுவேயென்று அவர் கொள்வர்.

வெற்றியைக் கண்டு மன்னன் வியந்தபொழுது, அமைச்சர் உண்மையை எடுத்துரைத்தனர். இவர் சிவபெருமானுக்கு ஆட்பட்டவர். ஆதலின் இவர்க்கு எதிர் நிற்பார் இல்லை என்றனர். அதுகேட்ட மன்னன் மகிழ்ந்திலன், நடுங்கினான். சிவனடியாரொருவரைக் கொடிய போர்முனையில் விடுத்திருந்தேனே என்று வருந்தித் தன் பிழையைப் பொறுத்தல் வேண்டுமெனப் பரஞ்சோதியாரை வேண்டினான். அவரோ, தமக்குரிய தொழிலைத் தாம் செய்ததன்றி அதனால் நேர்ந்த தீங்கு ஒன்றும் இல்லையென்று விடை கூறினார். மன்னன் அவ்விடையோடு அமைந்திலன். பெருநிதியும் நெடுங்காலம் வாழ்தற்கு வேண்டும் விருத்திகளும் அளித்து, இனி உம் உள்ளம் விரும்பிய மெய்த்தொண்டினையே செய்க என்று வணங்கி விடைகொடுத்தான். அவர் தம்மூர் சேர்ந்து, கணபதீச்சரத்து இறைவரை வணங்கி, திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, நாள்தோறும் அடியாரை அமுது செய்வித்துப் பின் உண்ணும் நியதியில் நின்றார். அடியார் முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகினமையின் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. விடுதலையை வேண்டினார் தொண்டர் அல்லர், அளித்தான் மன்னன். பொறுத்தல் வேண்டினாரும் தொண்டர் அல்லர்; வேண்டினான் மன்னனே. உலகத்தார் வழக்கமாகக் கருதுவதற்கு இது முற்றும் மாறாக உளது. போரிற் சென்று மீண்டவரே தம் வினைக்குக் கழுவாய் தேடற்பாலர் என்று நாம் கருதுகின்றோம். சேக்கிழார் காட்டியதோ, அனுப்பியவன் அனுப்பப்பட்டவனை வணங்கிப் பொறை வேண்டிய காட்சியாம்.

மன்னன் அளித்த மூன்று

மன்னன் செயலைப் பகுத்து நோக்கின் மூன்று கூறுகள் புலனாகும். ஒன்று, தன் பங்கினை ஏற்றுப் பொறுத்தல் வேண்டியது. இரண்டு, நிதியும் விருத்தியும் அளித்தது. மூன்று, இனிச் செய்யற்பாலதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவர்க்கே விட்டது.

இம்மூன்றனுள் இரண்டாவதனை உலகிற் பல அரசுகள் ஒருவாறு செய்துள்ளன. உரோமப் பேரரசன் அகஸ்டசு கி.பி. 6இல் ஓய்வுபெறும் வீரர்க்குப் பொருள் வழங்குதற்கெனத் தனிக் கருவூலம் அமைத்து, அதற்கு வருவாயாக மரபுரிமைச் சொத்தின்மீது இருபதில் ஒரு பங்கு வரி விதித்தான். வீரரின் பின்வாழ்வு நாட்டார் அனைவர் கடனும் ஆமென்பதனை அவ்வரி உணர்த்தும். அமெரிக்க நாட்டார் 1944ஆம் ஆண்டு சூன் 22இல் நிறைவேற்றிய சட்டம் மூன்றாவதனையும் ஓரளவு தழுவியது. கல்விச்செலவு, தொழிற்பயிற்சி, வீடு கட்டக் கடன், வேலை கிடைக்குங்காறும் 52 வாரம்வரை உதவிப்பணம் ஆகியவற்றை அச்சட்டம் வழங்கியது. கல்லூரியோ தொழிலோ யாதென்று தெரிந்துகொள்ளுதல் வீரர் விருப்பிற்கே விடப்பட்டது. 1956ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனாற் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். ஆயினும், உடன்நின்று போர்செய்த கறுப்பினத்தார் பலர்க்கு நடைமுறையில் அப்பயன் மறுக்கப்பட்டது. ஆகலின் அவ்வறமும் நிறைந்ததாகாது. நம் நாட்டிலும் மறுகுடியமர்வுக்கெனத் தனித் துறையும், மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், அரசுப்பணிகளில் ஒதுக்கீடும் உள.

முதற்கூறாகிய பொறுத்தல் வேண்டலோ அரிதினும் அரிது. நிதியளித்தார் பலர், பதக்கம் அளித்தார் பலர், நின்னை அனுப்பினேம், அதனால் நினக்கு நேர்ந்ததில் எமக்கும் பங்குண்டு என்று தலைதாழ்ந்தார் யார்? இஃதின்றி ஏனையிரண்டும் கூலியாகவே எஞ்சும். கூலி கொடுத்தால் கணக்கு முடிந்ததென்று கொடுத்தவர் மறந்துவிடுவர். வாங்கினவரோ மறக்க இயலாது கிடப்பர்.

வினை யாரைச் சாரும்?

இனி ஓர் ஆசங்கை எழும். போர் கொலைத்தொழில். கொலை கொடியது என்பது எல்லா நூற்கும் ஒத்த முடிபு. ஆணையின்படி செய்தேன் என்பதனால் வீரன் வினையினின்றும் நீங்குவனோ? நீங்குவனெனின், அறியாமல் நஞ்சுண்டானும் சாகாதிருத்தல் வேண்டும். நீங்கானெனின், நாட்டைக் காத்தற்கு உயிர்கொடுக்கத் துணிந்தவனை நரகத்துக்கு உரியனாக்குதல் முறையோ?

இதற்கு விடை: வினை செய்வோன், செய்விப்போன், உடன்படுவோன் என மூவரையும் சாரும். கை ஒருவனதாயினும் கருத்துப் பலரது. ஆணை பிறப்பித்த அரசும், அவ்வரசிற்கு வரி செலுத்தி அதன் காவலில் இனிது உறங்கும் குடிகளும் அவ்வினையிற் பங்குடையர். ஆகவே, வீரன் தோளில் முழுச்சுமையையும் ஏற்றுதலும் பிழை. அவன்மீது ஒரு சிறிதும் இல்லையென்று பசப்புதலும் பிழை. இல்லையென்று பிறர் கூறினும் அவன் உள்ளம் ஒப்பாது. நடுவிரவில் அது தானே விழித்துக்கொள்ளும்.

இக்காலத்து மருத்துவரும் இதனை வேறொரு வழியாற் கண்டுள்ளனர். போரிற் கண்டனவும் செய்தனவும் ஆண்டுகள் பல கடந்தபின்னும் கனவிலும் நனவிலும் வந்து வருத்துதலை அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப்பகுப்பு நூலில் தனிநோயாகச் சேர்த்தது. வியட்நாம் போரினின்றும் மீண்டார்க்குப் பல்லாண்டு மருத்துவம் செய்த ஜானதன் ஷே என்பார் 1994இல் வெளியிட்ட நூலில் மேலும் ஒரு படி சென்றார். அச்சத்தால் விளைந்த புண்ணினும் ஆழமானது அறத்தால் நேர்ந்த புண் என்பதும், தம்மை நடத்திய தலைவர் நேர்மை பிறழ்ந்தமையே அப்புண்ணிற்குப் பெருங்காரணம் என்பதும், கேட்டற்குரியார் பொறுமையுடன் கேட்குமாறு அத்துன்பத்தைச் சொல்லுதலே மருந்தின் முதற்படி என்பதும் அவர் கண்டவை. தலைவன் செய்த பிழையால் விளைந்த புண்ணைத் தலைவனே ஏற்றுப் பணிதல் ஆற்றும் என்பதனைப் பல்லவ மன்னன் செயல் காட்டி நிற்கின்றது. தன் பிழையென்று அவன் கூறிய அவ்வொரு சொல், பரஞ்சோதியார்க்குத் தாமே தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும் சுமை இல்லாதவாறு செய்தது. அதனாலன்றோ, தீங்கு ஒன்றுமில்லை என்று அவர் அமைதியாக விடை கூற இயன்றது!

அற்றேல், அவர் எவ்வாறு வினைத்தொடக்கில் அகப்படாது நின்றார் எனின், யான் எனது என்னும் முனைப்பின்றிச் செய்தமையால் என்க. முனைப்பின்வழிச் செய்த செயலே ஆகாமியமாய் ஏறும். இவ்விடத்து எச்சரிக்கையும் வேண்டும். முனைப்பின்றிச் செய்தேன் என்று வாயாற் கூறுதல் எளிது. கொடுமை செய்த பலரும் அங்ஙனம் கூறியதுண்டு. செயலின்போது முனைப்பு இருந்ததோ இல்லையோ என்பதனைச் செயல் முடிந்தபின் வாழும் வாழ்வே காட்டும். வாதாபியை எரித்த கை அடியார் அடியை விளக்கும் கையாயிற்று. அதுவே அவர் நிலைக்குச் சான்று.

சார்பின் இயல்பு

உயிர் தனித்து நிற்பதன்று, சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல, உயிர் தான் எதனைச் சார்ந்ததோ அதுவாகவே தன்னை அறிகின்றது. படையைச் சார்ந்த காலத்து அது தன்னைப் படையாகவே அறிந்தது. யான் யார் என்று அக்காலத்து அவனை வினவியிருப்பின், தன் படைப்பிரிவின் பெயரையும் தன் நிலைப்பெயரையும் கூறியிருப்பான். ஆகலின், சீருடை களைந்த நாளில் அவன் இழப்பது வேலை மட்டுமன்று. தன்னைத் தானறிந்த அறிவையே இழக்கின்றான்.

ஓர் அவில்தாரைக் கருதுக. இருபது ஆண்டு பனிமலையிலும் பாலையிலும் நின்றவர். பலர் அவர் சொற்கேட்டு நடந்தனர். ஊர் திரும்பியபின் ஓர் வங்கியின் வாயிலிற் காவலராக அமர்கின்றார். அவர் மகனினும் இளையவர் ஒருவர் வண்டியில் வந்திறங்கிக் கதவைத் திறக்குமாறு விரலாற் குறிப்புக் காட்டுகின்றார். இல்லத்திலோ, மனைவியும் மக்களும் அவரில்லாமலே வாழப் பழகிவிட்டனர். அவர் ஆணையிடின் சினக்கின்றனர், வாளாவிருப்பின் அஞ்சுகின்றனர். தம்மூரிலேயே அவர் விருந்தினர்போல் ஆகிவிடுகின்றார். இந்நிலையில், முனைப்பை விடுக என்று அவர்க்கு உபதேசித்தல் எளிது. ஆனால், பற்றியதை விடுமாறு கூறுவோர், பற்றுதற்குரியதையும் காட்டுதல் வேண்டும். காட்டாது விடச்சொல்லுதல், கோலூன்றி நடப்பவன் கையினின்றும் கோலைப் பறித்தலை ஒக்கும்.

சார்பு இன்றி நில்லாமை உயிரின் இயல்பாதலின், நற்சார்பு கிட்டாதவிடத்துத் தீச்சார்பு தானே வந்து பற்றும். இதற்கு வரலாறே சான்று. 1918இல் முதல் உலகப்போர் ஓய்ந்தபின், செர்மானிய நாட்டில் வேலையும் மதிப்பும் இழந்து திரும்பிய வீரர் பலர் பிரைகோர் எனப்பட்ட தனிப்படைகளிற் சேர்ந்தனர். 1919 சனவரியிற் பெர்லின் நகரத்தெழுந்த கிளர்ச்சியை அப்படைகள் குருதி சிந்தி அடக்கின. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவற்றுள் ஒன்று தலைநகரையே கைப்பற்றி, நிலவிய அரசைக் கவிழ்க்க முயன்றது. அவர் இயல்பிலே கொடியர் என்பதினும், ஆணையின்றி வாழ அறியாராய் ஆணை தருவாரைத் தேடினர் என்பதே பொருந்தும். அவரை நாடிவந்த ஆணை தீயதாயிற்று.

கருவிகள் அழிவதில்லை, திரும்புகின்றன

பசுகரணங்கள் சிவகரணங்களாம் என்பது சித்தாந்தம். வீடுபேற்றை நோக்கும் உயிர்க்குக் கண்ணும் கையும் மனமும் அழிக்கப்படுவதில்லை. அவையே திருவருளின்வழி நின்று தொழிற்படுகின்றன. இவ்வுண்மை உயர்ந்தோர் நிலைக்கேயன்றிப் படைவிடுத்தார் நிலைக்கும் ஒருவாறு பொருந்தும். சேக்கிழார் காட்டிய வாழ்விற் பரஞ்சோதியார் தம் பழைய குணங்களுள் எதனையும் அழித்தாரல்லர். குறித்த பொழுதிற் குறித்த கடனைத் தவறாது செய்தல் படைவீரர் குணம். அடியாரை உண்பித்தன்றி உண்ணாத நாள்நியதியாக அது திரும்பிற்று. பகைவரைத் தேடிச் செல்லுதல் படைவீரர் செயல். அமுது செய்தற்கு அடியார் ஒருவரும் வாராத நாளில் வெளியே சென்று தேடியலைந்த தேட்டமாக அது திரும்பிற்று. தலைவன் முன் தன்னைச் சிறியனாக வைத்தல் படையொழுக்கம். கந்தையுடுத்த அடியார் முன்னும் தம்மைச் சிறியராக வைத்த பணிவாக அது திரும்பிற்று. வாள் கையினின்றும் நீங்கிற்று. வாட்பயிற்சியால் வந்த உறுதி நீங்கவில்லை.

ஆகலின், வீரர் தம் பழைய வாழ்வை மறத்தல் வேண்டுமென்பாரும், அதனையே நாளும் பேசிக்கொண்டிருத்தல் வேண்டுமென்பாரும் உண்மை உணர்ந்தாரல்லர். பெருங்காயம் இருந்த கலத்தின் வாசனை கழுவினும் நீங்காது. அக்கலத்தை உடைத்தெறிதல் அறிவன்று. அவ்வாசனை ஏற்கும் பண்டத்தை அதிற் பெய்தலே அறிவு.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இந்நாயனாரைச் செங்காட்டங்குடியோடு சார்த்தியே போற்றினார்; வாதாபியோடு சார்த்தினாரல்லர். வென்ற ஊரால் விளங்கற்பாலர், வாழ்ந்த ஊரால் விளங்கினார். பரஞ்சோதி என்னும் ஒளிப்பெயரும் மறைந்து, சிறுமை குறித்த பெயரே புகழ்ப்பெயராயிற்று. நிலை தாழ்ந்தோம் என்று புழுங்கும் வீரர்க்கு இதனினும் பெரிய ஆறுதல் யாதுளது? வாயிற்காவல் சிறுதொழிலன்று, சிறிதென்று பிறர் கருதுதலே சிறுமை.

வாள் இல்லத்துட் புகுந்தது என்னும் தடை

இன்னும் ஒரு தடை உண்டு. அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. வடதேசத்துப் பைரவ வேடத்தார் வந்து கேட்டபொழுது இந்நாயனார் தம் ஒரே மகன் சீராளனையே அமுதாக்கினாரன்றோ? படையை விட்டும் வாள் விடவில்லை. போர்க்களத்துக் கொடுமை இல்லத்துள்ளும் புகுந்தது. எவ்வாணைக்கும் கீழ்ப்படிதல் என்னும் பழக்கத்தின் தீங்கிற்கு இதுவே எடுத்துக்காட்டு என்று கூறுவார் உளர்.

இத்தடையில் ஒரு பகுதி உண்மை உண்டு. எவ்வாணைக்கும் கீழ்ப்படிதல் தீங்கே என்பதனைச் செர்மானியர் வரலாற்றால் மேலே காட்டினாம். ஆனால், நாயனார் எவ்வாணைக்கும் கீழ்ப்படிந்தாரல்லர். கணபதீச்சரத்துத் திருவாத்தியின்கீழ் இருந்தவர் தம் தலைவனுக்கு உரியவரென்று கொண்டே பணிந்தார். அச்செயல் உலகர்க்கு விதியாகாது என்பதும் பெரியோர் துணிபு. அதனினும் சிறந்த வேறுபாடு ஒன்று உளது. மகனைக் கேட்டவர் மகனை மீட்டுத் தந்தார். வெளியே சென்று அழையுமின் என்றார். அழைக்கப் பள்ளியினின்றும் ஓடிவருவானைப்போல் சீராளன் வந்தான்.

உலகத்துத் தலைவர் யாவரும் மக்களைக் கேட்கின்றனர். தாய்மார் வளர்த்த புதல்வரைப் போருக்கென்று கேட்கின்றனர், பெறுகின்றனர். கொண்ட புதல்வரை மீட்டுத் தருதல் அவர்க்கு இயல்வதன்று. உயிரோடு திரும்பினார்க்கும் அவர் கொடுத்த இளமையைத் திருப்பித் தருதல் இயல்வதன்று. கொண்டதை மீட்டுத்தரும் தலைவன் ஒருவனே. மீட்டுத்தர இயலாமையை உணர்ந்தமையாலேயே பல்லவ மன்னன் பொறுத்தல் வேண்டினான், நிதி கொடுத்தான், தன் ஆணையைத் தானே நீக்கிக்கொண்டான். தன் எல்லையை அறிந்த அரசன் அவன். அவ்வெல்லையை அறியாத அரசுகளே, பணம் கொடுத்தேம், கடன் தீர்ந்தது என்று கூறும்.

விடாது நின்றார் உளரன்றோ?

படைத்தொழிலை விட்டன்றித் தொண்டு செய்தல் இயலாதோ எனின், அற்றன்று. முனையடுவார் கூலிக்குப் போர்செய்து, பெற்ற பொருளையெல்லாம் அடியார்க்கே ஆக்கினார். கோட்புலியார் சோழன் படைத்தலைவராயிருந்தே திருவமுதிற்கு நெல் சேர்த்தார். ஏனாதிநாதர் வாட்பயிற்சி அளித்தே வாழ்ந்தார். இவர் தொழிலை விடவில்லை. சார்பு முன்னரே மாறியிருந்தது. பரஞ்சோதியாரும் போருக்குச் செல்லுமுன்னரே சிவனுக்கு ஆட்பட்டவர் என்றன்றோ அமைச்சர் கூறினர்! ஆகவே, அவர்க்கு விடுதலை நாளில் வெறுமை தோன்றவில்லை. ஊன்றி நிற்றற்கு ஓரிடம் முன்னரே இருந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? படையினின்றும் நீங்கிய நாளிற் புதுவாழ்வைத் தேடத் தொடங்குதல் காலங்கடந்த முயற்சியாம். படையிலிருக்கும்பொழுதே ஒரு கல்வி, ஒரு கைத்தொழில், ஒரு வழிபாடு, ஊரோடு ஓர் உறவு என்று சீருடையோடு கழலாத ஒன்றனைப் பேணி வருதல் வேண்டும். நான்கே ஆண்டிற் பணி முடிந்து மீளும் இளைஞர்க்கு இது மிக இன்றியமையாதது. தம்மைப் படையாகவே முற்றும் அறிந்துகொள்ளுதற்குப் போதிய காலமும், அவ்வறிவினின்றும் மீளுதற்குப் போதாத காலமுமாக அந்நான்கு ஆண்டு அமைந்துவிடுகின்றது.

முடிபுரை

ஈண்டுக் கூறியவற்றால் போந்த பொருள் இது: படைவிடுத்தல் என்பது பற்றறுதி அன்று, சார்பு மாறுதல். அம்மாற்றம் வீரர் ஒருவரே செய்துகொள்ளற்பாலதன்று. அனுப்பினோர் தம் பங்கை ஏற்றலும், வாழ்விற்கு வழி செய்தலும், உரிமையொடு விடுத்தலும் முதலில் நிகழ்தல் வேண்டும். அதன்பின்னரே அவர் கையிலுள்ள கருவிகள் நல்வழித் திரும்பும்.

அரசின் கடனை அரசிற்குச் சுட்டினாம். நம் கடனையும் நாமே சுட்டிக்கொள்ளுதல் முறை. தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் முன்னாட்படைவீரர் காவற்பணியில் அமர்த்தப்பெற்றுள்ளனர். இது நன்று. ஆயினும், அவரை வாயிலோடு நிறுத்திவிட்டோம். கோயிலைக் காப்பவர் அக்கோயிலின் பதிகத்தை அறியார், அறிவிப்பாரும் இலர். பரஞ்சோதியார் திருச்செங்காட்டங்குடிக்கு வாயிற்காவலராக வந்தாரல்லர். அமுதூட்டும் இல்லறத்தாராக வந்தார். மடங்களும் சபைகளும் நடத்தும் அன்னதானக் கூடங்களிலும், திருக்குளம் திருப்பணிகளிலும், திருவிழாக் காலத்து மக்கள் நெருக்கத்தை ஒழுங்குசெய்யும் பணியிலும் இவரது பொழுது தவறாமையும் பொறுமையும் பெரிதும் பயன்படும். திருமுறை வகுப்புக்களில் இவர்க்கு ஓரிடம் ஒதுக்குதல் செலவு மிகுந்த செயலன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, இவர் பேசுங்கால் இருந்து கேட்டற்கு ஒருவர் வேண்டும். கேட்போர் வியத்தலும் வேண்டா, வெறுத்தலும் வேண்டா, கேட்டல் அமையும்.

நாம் உறங்கிய இரவுகளில் இவர் விழித்திருந்தனர். செய்விப்போரும் உடன்படுவோரும் ஆகிய நாம், செய்தவரை மட்டும் வினையோடு தனியே விடுதல் அறமாகாது. பல்லவ மன்னன் ஓர் அடியார்க்குச் செய்ததனை நாம் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர்க்கேனும் செய்வோமாயின், சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை நமக்கு வைத்துச்சென்றதன் பயனை ஒருவாறு பெற்றவராவோம்.